ஒருவர் 9 போடுகிறார், இன்னொருவர் 5 போடுகிறார்: புது ஆல்பம் விமர்சனத்தை எப்படிப் படிப்பது?

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலுவலக நண்பர்களால் ராக், ஃபோக், கன்ட்ரி கேட்கத் தொடங்கியிருக்கிறேன். புது ஆல்பம் வந்தால் முதலில் விமர்சனம் படிப்பேன். ஒரே ஆல்பத்துக்கு ஒருவர் பத்துக்கு 9 போடுகிறார், இன்னொருவர் 5. எல்லோரும் கொண்டாடியது எனக்கு ஒட்டவில்லை, திட்டித் தீர்த்தது பிடித்துப்போகிறது. யாரை நம்புவது? கன்ட்ரியில் முப்பது பாட்டு வைத்து வரும் ஆல்பங்களை முழுசாகக் கேட்டுத்தான் ஆகணுமா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது நம்பகமான விமர்சகரின் பெயர் கேட்கும் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறதே, கொண்டாடியது ஒட்டவில்லை என்று, அதுதான் உண்மையான கேள்வி. என் காதில்தான் கோளாறா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

இங்கே பெங்களூரில் ஓர் ஆங்கில நாளிதழின் வார இணைப்பில் பல வருஷம் ஆல்பம் விமர்சனம் எழுதினேன். அதன்பின் மற்றவர்கள் எழுதுவதைத் திருத்தும் மேசைக்குப் போனேன். ஆகவே விமர்சனம் எப்படித் தயாராகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவன். ராக் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். கன்ட்ரி பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இசை வளர்ந்த அமெரிக்காவின் டென்னசி, டெக்சாஸ் பக்கம் நான் போனதில்லை, அந்த ஊர்ப் பேச்சில் இருக்கும் குத்தலும் கிண்டலும் பாதி எனக்குப் பிடிபடாது.

விமர்சனத்தில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று விவரிப்பு: யார் வாசித்தார்கள், யார் தயாரித்தார்கள், போன ஆல்பத்திலிருந்து எங்கே விலகியிருக்கிறார்கள், குரல் எப்படிப் பதிவாகியிருக்கிறது. மற்றது தீர்ப்பு: நன்றாக இருக்கிறதா, இல்லையா, எத்தனை நட்சத்திரம். தேர்ந்த விமர்சகரின் விவரிப்பை நீங்கள் தாராளமாக நம்பலாம். வெளியான வாரத்துத் தீர்ப்பை நம்பாதீர்கள். அந்தத் தீர்ப்பு தலைகீழாகப் போன கதைகள் ஏராளம், அதுவும் பேர்போன இடங்களில். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969இல் வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை மட்டம் தட்டியது. அதே பத்திரிகை 2003இல் எக்காலத்துக்குமான 500 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது அதை 29ஆம் இடத்தில் வைத்தது. பாப் டிலனின் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' 1970இல் வந்தது. விமர்சகர் கிரெய்ல் மார்கஸ் அதற்கு எழுதிய விமர்சனத்தின் முதல் வரியே ஒரு கெட்ட வார்த்தையில்தான் முடியும். அந்தக் காலகட்டத்துப் பதிவுகளைத் திரட்டி 2013இல் டிலன் தரப்பு வெளியிட்ட தொகுப்புக்கு அறிமுகக் குறிப்பு எழுதியவரும் அதே மார்கஸ்தான். பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் 2003இல் பாடகி லிஸ் ஃபேரின் ஆல்பத்துக்குப் பத்துக்குப் போட்டது 0.0. எழுதியவர் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். 2021இல் பழைய மதிப்பெண் சிலவற்றைத் தாங்களே திருத்தி வெளியிட்டபோது அது 6.0 ஆனது. பதினெட்டு வருஷத்தில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

திட்டியது தப்பாகிப்போன கதைகளை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது புகழ்ந்து தப்பாகிப்போன கதை. பிரிட்டிஷ் ராக் குழு ஒயாசிஸின் 'மார்னிங் குளோரி' 1995இல் வந்தபோது பிரிட்டிஷ் விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். மக்களோ அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். விமர்சகர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த ஆல்பம் 'பீ ஹியர் நவ்' 1997 ஆகஸ்டில் வந்ததும், இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஐந்து நட்சத்திரங்களை அள்ளி வீசினார்கள். சில மாதம் கழித்துக் கேட்டால் பாட்டுகள் ஒவ்வொன்றும் தேவையில்லாத நீளம், கிட்டாருக்கு மேல் கிட்டார் அடுக்கிய இரைச்சல். இன்றைக்கு பிரிட்பாப் என்ற 1990களின் பிரிட்டிஷ் கிட்டார் இசை அலை ஊதிப் பெருத்து வெடித்ததற்கு உதாரணமாக அதைத்தான் காட்டுகிறார்கள். அந்த ஐந்து நட்சத்திரம் இசைக்குக் கிடைத்ததல்ல, 1995க்குக் கட்டிய அபராதம். மதிப்பெண்ணுக்குப் பின்னால் இப்படி ஆல்பத்துக்குச் சம்பந்தமில்லாத கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன ஆல்பத்தை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள், போட்டிப் பத்திரிகை என்ன எழுதும், இந்தப் பாடகரைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்பதெல்லாம் எழுதுகிறவன் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும். எனக்கும் உட்கார்ந்திருந்தது.

நேரமும் ஒரு காரணம். சிடி காலத்தில் நிறுவனங்கள் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே பிரதி அனுப்பிவிடும். பஸ்ஸில், வீட்டில், சமையலறையில் என்று பல தடவை ஓடவிட்டு எழுதலாம். இப்போது பெரிய நட்சத்திரங்களின் ஆல்பம் பல நேரம் விமர்சகர் கைக்கும் ரசிகர் கைக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. ரேடியோஹெட் 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைப் பத்தே நாள் முன்னறிவிப்போடு, விரும்பிய விலை கொடுங்கள் என்று இணையத்தில் இறக்கியபோது விமர்சகர்களும் வரிசையில் நின்றுதான் பதிவிறக்கினார்கள். வெள்ளிக்கிழமை வெளியானால் அன்று மாலையோ மறுநாளோ விமர்சனம் வந்தாக வேண்டும். இரண்டு தடவை கேட்டு எழுதுகிறவருக்கு உடனே காதில் ஏறும் பாட்டுதான் நல்ல பாட்டாகத் தெரியும். மெதுவாக ஊறும் ஆல்பங்களுக்கு, முக்கியமாக ஃபோக்கில், இது அநியாயம். ஒற்றைக் கிட்டாரும் ஒற்றைக் குரலுமாக இருக்கும் ஆல்பத்தில் வரிகள் மனசில் படிய வாரக்கணக்காகும்.

இனி மதிப்பெண். மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் 2001இல் தொடங்கியது முதல் செய்வது, பல விமர்சனங்களை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிச் சராசரி எடுப்பது. அதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. மதிப்பெண்ணே இல்லாமல் எழுதப்பட்ட விமர்சனத்துக்கு, அதைப் படித்துப் பார்த்து அவர்களே ஓர் எண் போட்டுக்கொள்கிறார்கள். சில பத்திரிகைகளுக்கு அதிக எடை, சிலவற்றுக்குக் குறைவு. அந்த எடை எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. இதெல்லாம் அவர்களே ஒப்புக்கொள்வதுதான், ரகசியமில்லை. ஆனால் நீங்கள் கேட்ட 9க்கும் 5க்கும் நடுவில் அது 70 என்று காட்டும்போது, அந்த 70 யாருடைய கருத்தும் இல்லை. இரண்டு பேர் கடுமையாக முரண்படுகிறார்கள் என்பதே அந்த ஆல்பத்தைப் பற்றிய சுவாரசியமான செய்தி. சராசரி அதைத்தான் முதலில் அழிக்கிறது. பொதுவாக எல்லோரும் 75, 78 என்று போட்ட ஆல்பத்தைவிட, 9ம் 5மாகப் பிளந்த ஆல்பத்தைத்தான் நான் முதலில் கேட்பேன்.

முன்பு மதிப்பெண்ணுக்கு ஒரு நியாயம் இருந்தது. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இல் ஆங்கில எழுத்துகளில் தரம் போட்டு எழுதத் தொடங்கிய பத்திக்கே 'நுகர்வோர் வழிகாட்டி' என்றுதான் பெயர். காசு கொடுத்து வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது அது. (லூ ரீட் 1978இல் வெளியிட்ட நேரடி ஆல்பத்தில் பாட்டை நிறுத்தி இவரைப் பெயர் சொல்லித் திட்டுவார். கிறிஸ்ட்காவ் அந்த ஆல்பத்துக்கு சி பிளஸ் போட்டுவிட்டு, என் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றி என்று எழுதினார். மனுஷன் என்றால் இப்படி இருக்கணும்.) பிரிகேட் ரோட்டில் வெளிநாட்டு கேசட் ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்த காலத்தில், எங்கள் பத்தி ஒருவருடைய நூறு ரூபாயைக் காப்பாற்றியது, அல்லது கரைத்தது. இன்று அந்தக் காசுப் பிரச்சினை இல்லை. விமர்சனம் படிக்கும் நேரத்தில் இரண்டு பாட்டு கேட்டுவிடலாம். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியதும், டெல்லியில் இருந்துகொண்டு மார்கழி சீசனில் சென்னை வித்வான்களின் தூக்கத்தைக் கெடுத்த சுப்புடு எழுதியதும் நேற்று நடந்து முடிந்துபோன கச்சேரியைப் பற்றி. வாசகர் திரும்பப் போய்ச் சரிபார்க்க முடியாது, அவர்கள் சொல்தான் சாட்சி. ஆல்பம் விமர்சகருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அப்படியும் சுப்புடுவை ஏன் படித்தார்கள்? அவர் சொன்னதை ஒத்துக்கொண்டா? பாதிப் பேர் சண்டை போடத்தான் படித்தார்கள். அவருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று தெரிந்திருந்ததால், அவர் திட்டினாலும் அதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடிந்தது. விமர்சகரிடம் இதுதான் வேண்டும். பாரபட்சமே இல்லாதவர் யாரும் இல்லை. பாரபட்சம் மாறாதவராக இருந்தால் போதும்.

உங்கள் கேள்வியில் ராக், ஃபோக், கன்ட்ரி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். குழப்பத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் மூன்றுக்கும் அளவுகோல் வேறு. ராக் விமர்சனம் 1960களின் கடைசியில் வளர்ந்த ஒன்று. புதுமை செய்தாரா, முந்தைய ஆல்பத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாரா என்பதே அதன் முதல் கேள்வி. கன்ட்ரி கேட்கிறவர்கள் முதலில் கேட்பது பாட்டு கட்டுக்கோப்பாக இருக்கிறதா, கதை நம்பும்படி இருக்கிறதா, பாடுகிறவர் அந்த வாழ்க்கையை அறிந்தவரா என்பதை. ராக் பத்திரிகையில் எழுதுகிறவர் கன்ட்ரி ஆல்பத்தைக் கையில் எடுத்தால், கன்ட்ரியிலிருந்து விலகி நிற்கும் கன்ட்ரிதான் அவருக்குப் பிடிக்கும். கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ் 1994இல் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து வெறும் கிட்டாரும் குரலுமாகச் செய்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ராக் விமர்சகர்களைச் சொக்க வைத்தது. கன்ட்ரி வானொலி சீந்தவில்லை. அடுத்த ஆல்பம் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியதும், 1998இல் பில்போர்டு என்ற இசைத்துறை இதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது: கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய படம், கூடவே கன்ட்ரித் தொழிலின் தலைநகரமான நாஷ்வில் இசைத்துறைக்கும் கன்ட்ரி வானொலிக்கும் அவர்கள் தந்த 'ஆதரவுக்கு' நன்றி. கேசி மஸ்கிரேவ்ஸின் 'கோல்டன் அவர்' 2019இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமியையே வாங்கியது. கன்ட்ரி வானொலியில் அதற்குக் கிடைத்த இடம் சொற்பம்.

பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' 2024 மார்ச்சில் வந்தபோது இதே விரிசல் ஊரறிய வெளிப்பட்டது. பொதுப் பத்திரிகைகளில் பாராட்டு மழை. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் அந்த ஆண்டு விருதுகளில் ஒரு பரிந்துரைகூட இல்லை. அடுத்த பிப்ரவரியில் கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பம் இரண்டும் அதற்கே. இது கன்ட்ரி ஆல்பம் இல்லை, பியான்சே ஆல்பம் என்று அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். பரிந்துரை மறுக்கப்பட்டதில் நிறவெறிக்கு எவ்வளவு பங்கு, நாஷ்வில் தன் ஆட்களை மட்டும் கவனிக்கும் பழக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆளுக்கு ஒரு விகிதம் சொல்வார்கள். கன்ட்ரியின் வேர்களில் கறுப்பினத்தவர் பங்கு இருந்தது என்பதில், பான்ஜோவே ஆப்பிரிக்க வழியில் வந்த கருவி என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இப்போது இந்த ஆல்பத்துக்கு ஒருவர் 9ம் மற்றவர் 5ம் போட்டால், அவர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. கன்டோன்மென்ட், காக்ஸ் டவுன் பக்கமும் கோலார் தங்கவயலிலும் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் அமெரிக்கக் கன்ட்ரிப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடாமல் கிறிஸ்துமஸ் வந்ததில்லை. பக்கத்து வீட்டுத் தமிழர்களான நாங்களும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். செட் அட்கின்ஸ் தயாரிப்பில் ரீவ்ஸ் பாடியது 'நாஷ்வில் சவுண்ட்' என்ற பாணி: நாட்டுப்புறப் பாணி ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஓரங்கட்டி, வயலின் கூட்டமும் பின்னணிக் கோரஸும் வைத்து மெருகேற்றியது. அமெரிக்காவில் அசல் கன்ட்ரி பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்த மெருகு ஆகாது, கன்ட்ரியின் உப்பையும் புளியையும் எடுத்துவிட்டார்கள் என்பார்கள். சரித்திர ரீதியில் அவர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் 1964இல் விமான விபத்தில் செத்துப்போன மனிதரின் தாழ்ந்த, அவசரமில்லாத குரல், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த வீட்டுக்கும் வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. அந்த மெருகும் தெளிவும் இல்லாவிட்டால் அவர் இங்கே வந்து சேர்ந்திருப்பாரா? நான் சந்தேகப்படுகிறேன்.

பெங்களூர் இசைக்குழுக்களின் ஆல்பம் விமர்சனங்களை வேறு கண்ணோடு படியுங்கள். தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், ஸ்வராத்மா, ரகு தீக்ஷித், அகம் என்று இங்கே உருப்படியான வேலை நடந்திருக்கிறது. 1993இல் அலகாபாத்தில் தொடங்கிய ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் முதல் 2008இல் வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா வரை எழுதுவதற்கு இடமும் இருந்திருக்கிறது. ஆனால் வட்டம் சின்னது. எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே பப்பில் ஒரே மேசையில் உட்காருவார்கள். எவரும் பணம் வாங்கிக்கொண்டு எழுதி நான் பார்த்ததில்லை. விளம்பரத்துக்காக நட்சத்திரம் கூட்டச் சொல்லி என் மேசைக்கு யாரும் வந்ததும் இல்லை. மற்ற அலுவலகங்களுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் 'பையன்கள் கைக்காசு போட்டுச் செய்திருக்கிறார்கள், பாவம்' என்ற இரக்கம் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டும், கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரிய நட்சத்திரங்கள் விஷயத்தில் அதே வேலையை, அடுத்த தடவை பேட்டி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் செய்கிறது. உள்ளூர்க் குழு என்றால் விமர்சனத்தை விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை மாலை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்றால், முதலில் இரண்டு பாட்டு கேட்பேன். பிறகு புகழ்ந்த ஒன்று, குறைசொன்ன ஒன்று என்று இரண்டே விமர்சனம். பெயரடைகளைத் தாண்டி, குறை சொன்னவர் எந்தப் பாட்டில், எந்த இடத்தைச் சொல்கிறார் என்று பார்ப்பேன். 'மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் குரலை முழுங்குகிறது' என்று எழுதியிருந்தால் அவர் கேட்டிருக்கிறார். 'உணர்வுகளின் பயணம்' என்று எழுதியிருந்தால் நிறுவனம் அனுப்பிய விளம்பரக் குறிப்பைத்தான் படித்திருக்கிறார். கன்ட்ரிக்குப் பொதுப் பத்திரிகையை விட்டு அந்த இசையிலேயே ஊறிய இடங்களைத் தேடுங்கள்: 1995இல் தொடங்கிய நோ டிப்ரெஷன், 2008 முதல் வரும் சேவிங் கன்ட்ரி மியூசிக். பின்னதற்கு வாய் ரொம்ப நீளம், கோபம் வரும், ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்று பத்துக் கட்டுரையில் பிடிபட்டுவிடும். ஃபோக்குக்கு பிரிட்டனில் நாற்பது வருஷம் வந்த எஃப்ரூட்ஸ் இதழ் 2019இல் நின்றுவிட்டது. மோஜோ, அன்கட் இரண்டிலும் ஃபோக் பக்கங்கள் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன. சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் இவற்றின் பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய ஆல்பத்துக்கு அன்று என்ன எழுதினார் என்று பார்ப்பதைவிட ஒரு விமர்சகரை எடைபோட நல்ல வழி இல்லை.

கடைசியாக முப்பது பாட்டு விவகாரம். இதில் விமர்சகர்களின் புலம்பல் நியாயமானது, காரணமும் தெளிவானது. 2018இல் விற்பனைப் பட்டியலுக்காக பில்போர்டு வகுத்த கணக்கில், ஸ்ட்ரீமிங் செயலிக்குச் சந்தா கட்டியவர்கள் ஓர் ஆல்பத்தின் பாட்டுகளை 1,250 தடவை ஓடவிட்டால் ஓர் ஆல்பம் விற்றதாக அர்த்தம் என்று இருந்தது. 2026 ஜனவரியில் அதை 1,000 ஆகக் குறைத்தார்கள், அடிப்படை மாறவில்லை. பழைய கணக்கில் பத்துப் பாட்டு ஆல்பம் 125 தடவை முழுசாக ஓடினால் ஒரு விற்பனை. 36 பாட்டு ஆல்பத்துக்கு 35 தடவையே போதுமாக இருந்தது. கன்ட்ரிப் பாடகர் மார்கன் வாலன் 2021இல் 30 பாட்டு, 2023இல் 36, 2025இல் 37 என்று கொடுத்தார். சாக் பிரையனின் 'அமெரிக்கன் ஹார்ட்பிரேக்'கில் 34. ஆசை, கவிதை ஊற்று எல்லாம் இருக்கலாம், கணக்கும் இருக்கிறது. நீளமே குற்றம் என்று சொல்லமாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 18 பாட்டோடு 1972இல் வந்தபோதும் கலவையான வரவேற்புதான் கிடைத்தது, இன்று அது கொண்டாடப்படும் ஆல்பம். ஆனால் 36ஐயும் வரிசையாகக் கேட்டுத் தீர்க்கும் கடமை உங்களுக்கு இல்லை. முதல் நான்கு, நடுவில் நான்கு, கடைசி நான்கு கேளுங்கள். பிடித்ததைத் தனிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு மிச்சத்தை ஆபீஸ் பஸ் அவுட்டர் ரிங் ரோட்டில் நிற்கும்போது ஓடவிடுங்கள். எட்டுப் பாட்டு தேறினால் போதும். 1970களின் எல்பி தட்டு ஒன்றில் பல நேரம் மொத்தமே எட்டோ பத்தோ பாட்டுதான்.